187 யூரோவுக்கு ஜில்லுனு சோறு

முதல்லயே சொல்லிடறேன், இது ஓட்டல் விமர்சனம் இல்லை. கடைப் பேரும் சொல்லப் போறதில்லை. ஏன்னு பாதியில் புரியும். இது ஒரு புலம்பல், கூடவே கொஞ்சம் சண்டை. சண்டை யாரோடன்னா, "சுஷின்னா அப்படித்தாங்க ஜில்லுனு இருக்கும், உங்களுக்கு அந்த டேஸ்ட் இன்னும் பழகலை" என்று கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற ஆசாமிகளோட. அந்த ஆசாமிகள்ல அன்னைக்கு ராத்திரி நானும் ஒருத்தனா இருந்தேன் என்பதுதான் கொடுமை.

2024 ஏப்ரலில் குடும்பத்தோட பாரீஸ் போயிருந்தோம். தங்கமணிக்கு ஈஃபில் கோபுரம், பொண்ணுக்கு டிஸ்னி, எனக்கு சும்மா நடக்கிறது. மூணாம் நாள் ராத்திரி ஒரு ஜப்பானிய ஓட்டல். இது என்னோட ஏற்பாடு. காரணம் இருக்கு.

2005லேர்ந்து 2007 வரைக்கும் புராஜெக்ட்டுக்காக கவாசாகியில் இருந்தேன், டோக்கியோவுக்குப் பக்கத்து ஊர். அப்ப கல்யாணம் ஆகலை. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து சந்துல எட்டே எட்டு நாற்காலி போட்ட ஒரு சுஷிக் கடை. எழுபது வயசைத் தாண்டின ஒரு பெரியவர், உதவிக்கு அவர் சம்சாரம். மதியம் 850 யென்னுக்கு ஒரு செட். முதல் தடவை போனப்ப சாப்ஸ்டிக்கோட நான் மல்லாடுறதைப் பார்த்துட்டு பெரியவர் தன் கையைக் காட்டினார். கையால எடுத்துச் சாப்பிடுடா என்று அர்த்தம். கையால சோறு சாப்பிடற ஊர்லேர்ந்து வந்தவனுக்கு இதைவிட என்ன வரவேற்பு வேணும்?

அந்தக் கடையைப் பத்தி பதினஞ்சு வருஷமா வீட்ல பீத்திக்கிட்டே இருந்திருக்கேன். சென்னையில மீன் குழம்பு சாப்பிடும்போதுகூட, "கவாசாகியில ஒரு பெரியவர்..." என்று ஆரம்பிப்பேன். தங்கமணி, "ஆரம்பிச்சாச்சு" என்று எழுந்து போயிடுவா. பொண்ணுக்கு இப்ப 14 வயசு. சின்னதுலேர்ந்து இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவ. அதனாலதான் பாரீஸ்ல ஜப்பானியச் சாப்பாடுன்னதும் நான் குதிச்சேன். மூணு பேரையும் ஜப்பானுக்குக் கூட்டிட்டுப் போற வசதி இன்னும் வரலை. இங்கேயாவது ஒரு வாய் ஊட்டிடலாம்.

அங்கேயே இருக்கிற ஒரு நண்பர்தான் வழி சொன்னார். சேன்த் ஆன் தெருன்னு ஓப்பரா பக்கம் ஒண்ணு இருக்கு. பூரா ஜப்பானியக் கடைகள். ராமென், ஊடோன் கடை வாசல்ல எல்லாம் வரிசை நிக்கும். "அங்க கூட்டம் சார், குடும்பத்தோட நிக்க முடியாது, நான் நல்ல இடமா புக் பண்றேன்" என்று நதிக்குத் தென்கரையில் வேற ஒண்ணைப் பதிவு பண்ணிக் கொடுத்தார்.

பாரீஸ்ல தெருவுக்குத் தெரு இன்னொரு வகை ஜப்பானியக் கடை உண்டு. மெனு அட்டையில் நம்பர் போட்ட செட்டு. முதல்ல ஒரு கிண்ணம் மிசோ சூப், கூடவே இனிப்பா முட்டைக்கோஸ் சாலட். அப்புறம் ஆறு சுஷி, நாலு குச்சி. குச்சின்னா சுட்ட இறைச்சி. அதுல மாட்டிறைச்சிக்குள்ள சீஸைச் சுருட்டி வெச்ச குச்சி ரொம்ப பிரபலம். ஜப்பான்காரர் பார்த்தா மயக்கம் போடுவார். ஆனா எனக்கு அந்தக் கடைகள் மேல ஒரு கோபமும் இல்லை. சீஸ் குச்சி பிரெஞ்சுக்காரன் நாக்குக்காகப் பிறந்தது. நம்ம ஊர் கோபி மஞ்சூரியன் மாதிரி. மலிவா, வயிறு ரொம்ப, பொய் சொல்லாம நடக்கிற கடை.

நாங்க போனது அந்த ரகம் இல்லை. வாசல்ல இண்டிகோ நீலத் திரை. உள்ளே மூங்கில், கூழாங்கல், எங்கேயோ தண்ணி சொட்டற சத்தம். நுழைஞ்சதும் நாலு பேர் ஒரே குரல்ல "இராஷ்ஷாய்மாசே" என்று கூவினாங்க. இடுப்பு வரைக்கும் வளைஞ்சு கும்பிடு. சூடான ஈரத் துண்டு. கறுப்பு அரக்குத் தட்டு. பின்னணியில் கோட்டோ வாத்தியம். பொண்ணு வாயைப் பொளந்துட்டுப் பார்த்தா. எனக்குப் பெருமை தாங்கலை, ஏதோ நானே கட்டின ஓட்டல் மாதிரி.

அப்புறம் சாப்பாடு வந்தது.

மீனைக் குறை சொல்ல மாட்டேன். சால்மன் பளபளன்னு இருந்தது. சூரை மீனும் சுத்தம். ஆனா வாயில போட்டதும் அடியில இருந்த சோறு... எப்படிச் சொல்றது, குளிர்சாதனப் பெட்டியில ரெண்டு நாள் கிடந்த இட்லியை அப்படியே எடுத்துக் கடிச்சிருக்கீங்களா? நடுவுல ஒரு மணல் மாதிரி நெறநெறன்னு வருமே, அது. பழைய சோறுன்னு சொல்லி பழைய சோத்தை அவமானப்படுத்த மாட்டேன். பழைய சோத்துல தண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வெச்சிருப்பாங்க, பருக்கை மெத்துனு இருக்கும். இது காஞ்ச, இறுகிப்போன, ஜில்லுனு பல் கூசற உருண்டை. மேலே வைர மோதிரம் மாதிரி மீன்.

மிசோ சூப்பு அடுத்த கூத்து. தூத்துக்குடிக்காரனான எனக்கு மாசி தெரியாம இருக்குமா? மாலத்தீவுலயும் மினிக்காய்லயும் சூரை வகை மீனை வேக வெச்சு, புகை போட்டு, வெயில்ல கல்லு மாதிரி காய வெச்சு எடுக்கிறதுதான் மாசி. ஜப்பான்காரங்க அதே இன மீனை அதே மாதிரி வேக வெச்சு, புகை போட்டு, காய வெச்சு, உசத்தி ரகத்துக்கு மேல பூஞ்சை வேற பிடிக்க வெச்சு, கட்சுவோபுஷின்னு சொல்றாங்க. அதைச் சீவி, கொம்பு என்கிற கடல்பாசியோட தண்ணியில போட்டு எடுக்கிற சாறுதான் தாஷி. இந்தக் கொம்புச் சாற்றுல இருக்கிற ருசி என்னன்னு ஆராய்ஞ்சுதான் 1908ல கிகுனே இகேடா என்கிற வேதியியல் பேராசிரியர் குளுட்டமேட்டைப் பிரிச்செடுத்து, "உமாமி" என்று பேர் வெச்சார். ஜப்பானியச் சமையல்ல பாதி இந்தச் சாறு. கவாசாகி கடையில சூப்புக் கிண்ண மூடியைத் திறந்தா எனக்கு அம்மா மாசிச் சம்பல் இடிக்கிற வாசனை வரும். சத்தியமா. இங்க மூடியைத் திறந்தா உப்புத் தண்ணியில டோஃபு மிதந்தது.

தங்கமணி ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு என்னைப் பார்த்தா. "இதுக்கா பதினஞ்சு வருஷமா இந்த அலட்டல்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சுஷின்னா அப்படித்தாம்மா இருக்கும். பழகணும்."

பொண்ணு அஞ்சாவது துண்டுல நிறுத்திட்டா. "அப்பா, எனக்கு ஜப்பான் சாப்பாடு பிடிக்கலை போலருக்கு" என்றாள், எனக்கு வருத்தமாயிடக் கூடாதேன்னு மெதுவா. சர்வர் வந்து குனிஞ்சு, எல்லாம் நல்லா இருந்ததான்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்ச நாலு பிரெஞ்சு வார்த்தையில ரெண்டை எடுத்து "ட்ரே போன்" என்றேன். பிரமாதமாம்! பில் 187 யூரோ. அன்னைக்கு நம்ம காசுக்கு 17,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. மேல 10 யூரோ டிப்ஸ் வேற வெச்சேன். எங்க ஊர்ல 80 ரூபாய் சாப்பாட்டுக் கடையில சோறு ஆறியிருந்தா, "என்ன அண்ணாச்சி, சோறு காலையில வடிச்சதா?" என்று பந்தி முழுக்கக் கேக்கிற மாதிரி கத்தியிருப்பேன். அந்த நாக்கு இங்க எங்க போச்சு?

வெளியே வந்தோம். தங்கமணியும் பொண்ணும் மறுபடி கழிவறைக்குப் போயிட்டாங்க. நான் பக்கத்துச் சந்துல போன்ல ஊர்ப் பேச்சு பேசிக்கிட்டிருந்தேன். சமையற்கட்டுப் பின்கதவுல ஏப்ரன் கட்டின ஒருத்தர் சிகரெட்டோட நின்னுக்கிட்டிருந்தார். நான் போனை வெச்சதும், "அண்ணை தமிழோ?" என்றார்.

ஆமா, தூத்துக்குடி என்றேன். அவருக்கு யாழ்ப்பாணம். பாரீஸ் ஓட்டல் சமையற்கட்டுகள்ல ஈழத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பாத்திரம் கழுவறதுல ஆரம்பிச்சு அடுப்பு வரைக்கும் வந்திருக்காங்கன்னு அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். இவர் சுஷி உருட்டறதுல ஆறு வருஷ அனுபவம்.

"சாப்பாடு எப்பிடி?"

"மீன் நல்லா இருந்தது. சோறுதான்..."

சிரிச்சார். "காலமை பத்து மணிக்கு அவிச்சது அண்ணை. பிரிட்ஜில வைச்சு வைச்சு எடுக்கிறம். பின்னேரம் திருப்பி அவிக்க ஆளில்லை. மிஞ்சினதைக் கொட்டவும் முதலாளி விடமாட்டார்."

"சூப்புல மாசி வாசனையே இல்லையே?"

"மாசியோ! பைக்கற்றில வாற தூள்தான். அதுவும் பாதி."

இப்படிச் செஞ்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா என்றேன். "வாற ஆக்கள் மீனைத்தான் பாக்கினம். சோத்தை ஆர் பாக்கினம்?" என்றவர், சிகரெட்டை அணைச்சுக்கிட்டே, "நீங்கள் உள்ளுக்க சொன்னனீங்களோ?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"பிறகென்ன" என்று சொல்லிட்டு உள்ளே போயிட்டார்.

கடைப் பேரை ஏன் சொல்லலைன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். அவர் வேலை அங்கதான்.

இப்ப சண்டைக்கு வர்றேன். நான் இதை நண்பர்கள்கிட்ட சொன்னதும் மூணு விதமான ஜல்லி வந்தது.

முதல் ஜல்லி, சுஷி குளிர்ந்த பண்டம்தான். இல்லீங்க. மீன் குளிர்ச்சியா இருக்கும். சோறு உடம்புச் சூட்டுல இருக்கணும். கையில எடுத்தா கைக்கும் சோத்துக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. கவாசாகி பெரியவர் மரத் தொட்டியில சூடான சோத்தைக் கொட்டி, வினிகர், உப்பு, சர்க்கரைக் கலவையை ஊத்தி, மரக் கரண்டியால வெட்டி வெட்டிப் புரட்டுவார். பாட்டியம்மா பக்கத்துல நின்னு விசிறுவாங்க. அப்புறம் அது கடைசி வரைக்கும் மூடின தொட்டியில வெதுவெதுப்பாவே இருக்கும். வெந்த அரிசியைக் குளிர்சாதனப் பெட்டியில வெச்சா அதிலிருக்கிற மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாகிடும். அந்த இறுக்கம் வேகமா நடக்கிறது சரியா பிரிட்ஜ் குளிர்லதான். இட்லி கல்லாகறதும் இதனாலதான். நம்ம வீட்டுப் பாட்டிக்குக்கூடத் தெரிஞ்ச இந்த விஷயம் தெரியாமலா அந்த ஓட்டல் நடக்குது?

சுஷி என்ற சொல்லே புளிப்பைக் குறிக்கிறதுதான். ஆரம்பத்துல மீனைக் கெடாம வெக்கிறதுக்கு உப்புப் போட்டு சோத்துக்குள்ள மாசக்கணக்குல புதைச்சு வெச்சாங்க. சோறு புளிச்சு மீனைக் காப்பாத்தும். பீவா ஏரிப் பக்கம் இன்னிக்கும் அப்படி ஃபுனாசுஷி பண்றாங்க. அப்புறம் புளிக்கிற வரைக்கும் பொறுமை இல்லாம சோத்துல வினிகரைக் கலந்தாங்க. 1820கள்ல எடோ நகரத்துல, அதாவது இன்னிக்கு டோக்கியோவுல, ஹனாயா யோஹேய் என்பவர் பேரைச் சொல்லி, கையால பிடிச்சுக் கொடுக்கிற சுஷி வந்தது. எங்க வந்தது? தள்ளுவண்டியில! வேலைக்குப் போறவன் நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கிட்டுப் போற பண்டம். நம்ம தெருமுனை இட்லிக் கடைதான் அது. மூங்கிலும் சொட்டுத் தண்ணியும் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது. இன்னொண்ணு, அந்தச் சோத்துக்கு சுஷிக்காரங்க வெச்ச பேர் ஷாரி. புத்தரோட அஸ்தித் துகளுக்கும் அதே பேர்தான். வெள்ளையா, சின்னதா, பருக்கை மாதிரி இருக்கும்னு அந்தப் பேர். மூலச் சொல் நம்ம சரீரம்! ஒரு ஜனம் சோத்துப் பருக்கைக்கு அப்படிப் பேர் வெச்சிருக்கு. அதைத்தான் காலையில அவிச்சு பிரிட்ஜில வெச்சு எடுக்கிறாங்க.

ரெண்டாவது ஜல்லி, வெளிநாட்டுல அந்தந்த ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கத்தானே வேணும். தாராளமா! டெம்புராவே போர்ச்சுகீசியர் கொண்டு வந்த வழிதான். ராமென் சீனாவிலேர்ந்து. சால்மன் சுஷி இருக்கே, இன்னிக்கு உலகம் பூரா சுஷின்னா அதுதான் ஞாபகம் வருது, அதை ஜப்பான்காரங்க பொதுவா பச்சையா சாப்பிட்டதில்லை. அவங்க கடல் சால்மன்ல புழு இருக்கும். 1980கள்ல நார்வேக்காரங்க தங்களோட வளர்ப்பு மீனை விக்கிறதுக்காக மெனக்கெட்டுப் பழக்கிவிட்டது. சீஸ் குச்சி மாத்தினது. அவகாடோ வெச்சு உருட்டறது மாத்தினது. பிரெஞ்சுக்காரன் என்னிக்காவது கடையில போய், எனக்குச் சோறு கெட்டியா நெறநெறன்னு வேணும்னு கேட்டானா? அதுக்குப் பேரு மாத்தறது இல்லை, சாயங்காலம் இன்னொரு உலை வெக்க ஆள் போடாம மிச்சம் பிடிக்கிறது.

மூணாவது, ஜப்பான்காரர் நடத்தாத கடைக்குப் போனா இப்படித்தான். இதுக்குத்தான் எனக்கு நிஜமாவே கோபம் வந்தது. நான் பார்த்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்தச் சோத்துல என்ன தப்புன்னு என்னைவிட நல்லாத் தெரியும். சோத்துல பிறந்து சோத்துல வளர்ந்தவர். அவர்கிட்ட விட்டா மூணு தடவை உலை வெப்பார். விடலை, அவ்வளவுதான்.

இந்த மூணாவது ஜல்லியை ஒரு மந்திரியே அடிச்சிருக்கார். 2006ல ஜப்பான் விவசாய மந்திரி தோஷிகாட்சு மாட்சுவோகா அமெரிக்காவுல கொலராடோ போனப்ப ஒரு ஜப்பானிய ஓட்டலுக்குள்ள நுழைஞ்சார். மெனுவுல சுஷி பக்கத்துலயே கொரியப் பாணியில சுட்ட மாட்டிறைச்சி. மனுஷருக்குத் தாங்கலை. ஊருக்கு வந்து, வெளிநாட்டு ஜப்பானிய ஓட்டல்களுக்கு அரசாங்கமே சான்றிதழ் கொடுக்கணும்னு திட்டம் போட்டார். அமெரிக்கப் பத்திரிகைகள் "சுஷி போலீஸ்" என்று கிண்டல் பண்ணித் தீர்த்தாங்க. திட்டம் அந்த வடிவத்துல நடக்கலை. பத்து வருஷம் கழிச்சு 2016ல, வெளிநாட்டுச் சமையல்காரங்களோட திறமைக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம்னு சான்று கொடுக்கிற ஏற்பாடு வந்தது. அது உருப்படியான யோசனை. 2006ல நான் கவாசாகியில்தான் இருந்தேன், ஆபீஸ்ல நாங்களும் சிரிச்சோம். இப்ப யோசிச்சா மந்திரி பண்ணின தப்பு வேற. அவர் மெனு அட்டையைப் பார்த்துக் கோபப்பட்டார். ஒரு வாய் சோத்தைப் போட்டுப் பார்த்துட்டுக் கோபப்பட்டிருக்கணும். பக்கத்துல கொரியா இருந்தா என்ன, கோயமுத்தூர் இருந்தா என்ன?

கவாசாகி பெரியவர் கடையில ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள மீன் நிறைய இருக்கு. அவர் வாசல் திரையைக் கழட்டிக்கிட்டிருக்கார். ஏன்னு கேட்டேன். தொட்டியைச் சாய்ச்சுக் காட்டினார். சோறு தீர்ந்துபோச்சு. அவருக்கு அதோட அன்னைக்குக் கடை முடிஞ்சது.

சுஷி தெரிஞ்ச மாதிரி பேசற நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணு கேக்கறேன். பொன்னி, சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பான்னு வாசனையை வெச்சே அரிசி சொல்றவங்க நாம. கல்யாண வீட்டுல சோறு ஒரு கொதி கூடப் போயிட்டா சம்பந்தியைத் திட்டறவங்க நாம. உலகத்துல யாருக்காவது அந்த உருண்டையைக் கடிச்சுட்டு "தம்பி, சோறு சரியில்லை" என்று சொல்ற தகுதி இருந்தா, அது நமக்கு இருக்கு. ஆனா அரக்குத் தட்டுல வெச்சு, குனிஞ்சு கொடுத்தா வாயை மூடிக்கிறோம். மூடறதோட விடறதில்லை. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு நேர்மையா பிடிக்கலைன்னு சொன்னா, அவ நாக்கைத் தப்புன்னு சொல்றோம். நான் சொன்னேனே! அவ நாக்கு சரியாத்தான் சொல்லிச்சு. அன்னைக்கு அந்த மேஜையில ஷாரி தெரிஞ்ச ஒரே ஆள் நான், பொய் சொன்ன ஒரே ஆளும் நான்.

சென்னைக்குத் திரும்பி ரெண்டு வாரம் கழிச்சு ஜப்பான் குட்டை அரிசி ஒரு கிலோ வாங்கினேன். விலையைச் சொன்னா தங்கமணி இன்னொரு தடவை ஆரம்பிப்பா. மரத் தொட்டிக்கு எங்க போறது, அகலமான தாம்பாளம். விசிறிக்கு தினத்தந்தி. மேல வெக்கிறதுக்கு நம்ம ஊர்ல பச்சை மீன் வாங்க தைரியம் வரலை. முட்டையை இனிப்பா ஆம்லெட் போட்டுப் பட்டையா வெட்டி வெச்சேன். பெரியவர் கடைசித் துண்டா கொடுக்கிறது அதுதான். சூப்புக்கு ஊர்லேர்ந்து வந்த மாசியைச் சீவிப் போட்டேன். வீடு மணத்தது.

பொண்ணு கையால எடுத்து ஒரு வாய் போட்டா. நல்லா மென்னு முழுங்கினா. இன்னொண்ணு எடுத்தா. நாலு போச்சு. அப்புறம் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டா:

"நல்லாருக்குப்பா. ஆனா சுஷின்னா ஜில்லுன்னுல்ல இருக்கணும்?"

பி.கு: பொன்னி புழுங்கல்ல முயற்சி பண்ணாதீங்க. ஒட்டவே ஒட்டாது. முதல்ல அதைத்தான் பண்ணிப் பார்த்தேன்.